புறா சாட்சி

அந்தப் பக்கம் உட்காராதீங்க அங்கிள், அந்த பெஞ்சுக்கு ஒரு கால் ஆட்டம். நேற்று ஒருத்தர் சாப்பாட்டுக் கேரியரோடு சாய்ந்தார். ரசம் எலும்பு வார்டு வாசல் வரைக்கும் போய் எட்டிப் பார்த்தது. இப்படி வாங்க. ஃப்ளாஸ்க்கை மடியிலேயே வைத்துக்கொள்ளுங்க. யாருக்கு, வீட்டில் அம்மாவுக்கா? இடுப்பா? சரியாகிவிடும். இங்கே கட்டு நன்றாகத்தான் போடுவார்கள், கூப்பிடத்தான் நேரமாகும்.

"யாருப்பா அங்க கும்பலா நிக்கறது? இது ஆஸ்பத்திரியா, பொருட்காட்சியா? நடங்க, நடங்க."

பயந்துட்டீங்களா? எழுந்திருக்காதீங்க. சிஸ்டர் வரவில்லை, நான்தான். அந்த சிஸ்டருக்கு 'பொருட்காட்சி' சொல்லும்போது மூக்கில் ஒரு சின்ன அடைப்பு வரும், கவனித்தீர்களா? எல்லாரும் குரலைப் பிடிப்பார்கள், நான் அடைப்பைப் பிடிப்பேன். ஏரியாவில் எனக்கு டேப்பு என்று பேர். டேப் ரெக்கார்டர் டேப்பு. அம்மா வைத்த பேர் தருணேஷ். அது ஸ்கூல் அட்டெண்டன்ஸில் மட்டும் இருக்கிறது.

நான் நின்றுகொண்டே பேசுகிறேன், தப்பாக நினைக்காதீங்க. உட்கார்ந்தால் கால் தானாக ஆடுகிறது. அந்தக் கதவு தெரிகிறதா, பச்சை பெயிண்ட் உரிந்தது? அதற்கு உள்ளே ஒரு சப் இன்ஸ்பெக்டர் மேடம் பேனாவைத் திறந்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார். தண்ணி குடித்துவிட்டு வருகிறேன் என்று சொல்லிவிட்டு வந்தேன். குடித்தாயிற்று. மறுபடியும் குடித்தாயிற்று. அப்புறம் அங்கே, லிஃப்டுக்குப் பக்கத்தில், மஞ்சள் பனியன் போட்டு டீ குடிக்கிறானே, நேராகப் பார்க்காதீங்க, அவன் பேர் ஜப்பான். கும்மிடிப்பூண்டியைத் தாண்டியதில்லை, பேர் ஜப்பான். அவன் எனக்காகத்தான் நிற்கிறான். நான் உள்ளே போய் மிச்சத்தைச் சொல்லக் கூடாது என்பது அவன் வேலை. சொல்ல வேண்டும் என்பது உள்ளே இருக்கிற மேடம் வேலை. நடுவில் நான்.

இதெல்லாம் கூடப் பரவாயில்லை அங்கிள். என் மனசு ஆறாத விஷயம் வேறே. என்னை, இந்த டேப்பை, கிராமத்திலிருந்து வந்த ஒரு அம்மா ஏமாற்றிவிட்டார். நான் எத்தனை பேரை ஏமாற்றியிருக்கிறேன் தெரியுமா? ஹெட்மாஸ்டர் குரலில் ஸ்கூலுக்கு லீவு விட்டிருக்கிறேன். பாதர் குரலில் கோயில் மைக்கில் 'ஞாயிறு பூசைக்கு செருப்போடு வரலாம்' என்று அறிவித்திருக்கிறேன். அந்த என்னை. நியாயமா இது? நீங்களே கேட்டுச் சொல்லுங்க.

எங்கள் ஏரியாவில் புறாப் பந்தயம். கேள்விப்பட்டிருப்பீர்கள். காலையில் பறக்க விட்டால் புறா வானத்திலேயே நிற்க வேண்டும். எங்கேயும் உட்காரக் கூடாது. கடைசிவரை நின்று, சொந்த மாடியில் இறங்குகிற புறாவுக்குக் கப்பு. இதற்கு ஒரு அம்பயர் வேண்டும். மல்லாந்து படுத்துக்கொண்டு வானத்தையே பார்க்கிற வேலை. கண் அசரக் கூடாது, காசுக்கும் மசியக் கூடாது. அப்படி ஒரே ஒரு ஆள்தான் உண்டு. தேசப்பன். நான் தேசண்ணா என்பேன். ஹார்பர் பக்கம் லாரிக்குத் தார்ப்பாய் தைக்கிறவர். தனி ஆள். பேச்சு குறைவு. பேசினால் இப்படி:

"டேப்பு... வெயில்ல நிக்காத... உள்ள வா."

அவ்வளவுதான். ஒவ்வொரு சொல்லுக்கும் நடுவில் ஊசி ஏறி இறங்குகிற இடைவெளி. தைக்கிறவர் இல்லையா. நான் அவர் மாடிக்குப் போவேன். புறா மாதிரி குனுகிக் காட்டுவேன். பெட்டைப் புறா ஒவ்வொன்றும் ஒவ்வொரு மாதிரி குனுகும் அங்கிள், நமக்குத்தான் எல்லாம் ஒன்று. நான் குனுகினால் அவருடைய ஆண் புறாக்கள் கழுத்தை உப்பிக்கொண்டு என்னைத் தேடிக்கொண்டு வரும். அவர் சிரிக்க மாட்டார். ஊசியைக் கீழே வைப்பார். அவருக்கு அதுதான் சிரிப்பு.

இப்போது தட்சணா. கேபிள் கனெக்‌ஷன் அவருடையது, தண்ணி லாரி அவருடையது, நியாயமும் அவருடையது. ஸ்டேஷனில் போய்ப் புறாவைக் காணோம் என்று சொன்னால் என்ன சொல்வார்கள்? "மனுசன் காணோம்னாலே தேட ஆள் இல்ல, பறக்கறத எங்கய்யா தேடுறது?" அதனால் தட்சணா மாடியில் பஞ்சாயத்து. புறாத் திருடன், பைக் திருடன், பொண்ணைக் கிண்டல் பண்ணினவன், எல்லாருக்கும் அங்கேதான் தீர்ப்பு, அங்கேயே தண்டனை. அவர் குரல் கேளுங்க, பாக்கு ஒதுக்கின குரல்:

"போலீஸு, கோர்ட்டு, வாய்தா, எல்லாம் பணக்காரனுக்குடா கண்ணு. ஏழைக்கு மொட்ட மாடிதான் ஐகோர்ட்டு."

கை தட்டத் தோன்றுகிறது இல்லையா? எனக்கும் தோன்றும். சும்மா சொல்லக் கூடாது, அவர் வந்த பிறகு எங்கள் தெருவில் பைக் திருட்டு இல்லை. பைக் திருடாத ரெண்டு பேர் காலைத் தாங்கித் தாங்கி நடக்கிறார்கள், அது வேறே.

தட்சணாவிடம் ஒரு வெள்ளைப் புறா. தலையில் மட்டும் கறுப்பு. கலெக்டர் என்று பேர். போன பந்தயத்தில் கலெக்டர்தான் ஜெயித்திருக்க வேண்டும். ஆனால் நடுவில் போய் சர்ச் கோபுரத்தில் ஒரு நிமிஷம் உட்கார்ந்துவிட்டது. வேறு யாரும் பார்க்கவில்லை. தேசண்ணா பார்த்தார். "உக்காந்துச்சு" என்றார். கப்பு வேறே ஆளுக்குப் போயிற்று. தட்சணா சிரித்துக்கொண்டே அவர் தோளில் தட்டிவிட்டுப் போனார். அந்தச் சிரிப்பை நான் பண்ணிக் காட்டினால் உங்கள் ஃப்ளாஸ்க்கில் இருக்கிற பால் திரிந்துவிடும்.

அப்புறம் கலெக்டரைக் காணோம். தெருவெல்லாம் தேடினார்கள். கொஞ்ச நாள் கழித்து அதுவே திரும்பி வந்தது. காலில் ஒரு சிவப்பு நூல். அப்படியென்றால் யாரோ கூண்டில் வைத்துத் தீனி போட்டிருக்கிறார்கள். யார்? அதற்கு எங்கள் ஏரியாவில் ஒரு வழி உண்டு. புறா சாட்சி. சந்தேகப்படுகிற ஆட்களை மாடியில் ஆளுக்கொரு மூலையாக நிறுத்துவது. கையைக் கட்டிக்கொண்டு, வாயை மூடிக்கொண்டு. நடுவில் புறாவை விடுவது. தீனி போட்ட கையைப் புறா மறக்காது, நேராக அவனிடம் போகும். புறாவுக்குப் பொய் தெரியாது என்பார்கள். எங்கள் ஆட்கள் சாமி சத்தியத்தைக் கூட மாற்றிப் பேசுவார்கள், புறா சாட்சியை மாற்ற மாட்டார்கள்.

தட்சணா மூணு பேரைக் கூப்பிட்டார். மூணாவது பேர் தேசப்பன். தெருவே சிரித்தது. தேசண்ணா திருடினாரா? போய்யா. அவரைப் போக வேண்டாம் என்றுதான் நாலு பேர் சொன்னார்கள். அவர் என்ன சொன்னார் தெரியுமா?

"நான் அம்பயர்... நானே வரலன்னா... வேற யாரு வருவா?"

ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம். போனையெல்லாம் கீழேயே வாங்கி வைத்துவிட்டார்கள். சின்னப் பசங்களுக்கு அனுமதி இல்லை. எனக்கு அனுமதி இல்லாத இடமா? மத்தியானமே ஏறித் தண்ணி டேங்குக்குப் பின்னால் ஒடுங்கிக்கொண்டேன். அந்த டேங்க் மூலையில்தான் தேசண்ணாவைக் கொண்டுவந்து நிறுத்தினார்கள். கை நீட்டினால் அவர் சட்டை.

மேடமிடம் பக்கத்து மாடியில் இருந்து பார்த்ததாகத்தான் சொல்லியிருக்கிறேன். உங்களிடம் சொன்னால் என்ன, நீங்கள் அம்மா இடுப்புக்குக் கட்டுப் போட்டுக்கொண்டு போய்விடுவீர்கள்.

எல்லாரும் செத்த வீடு மாதிரி நிற்கிறார்கள். தட்சணா கலெக்டரை நடுவில் விட்டார். அது ரெண்டு எட்டு வைத்தது, நின்றது, கழுத்தைத் திருப்பியது. அங்கிள், அந்த மாதிரி அமைதி வந்தால் எனக்குத் தொண்டையில் அரிக்கும். கிளாஸில் சார் போர்டுப் பக்கம் திரும்பினதும் வருகிற மாதிரி. ஒன்றும் பெரிதாக இல்லை. கலெக்டருடைய ஜோடிப் பெட்டை எப்படிக் குனுகும், அது எனக்குத் தெரியும். மெல்ல, அடி வயிற்றிலிருந்து, ஒரே ஒரு தடவை.

மாடியில் அத்தனை கூண்டு. ஒரு குனுகல் எவன் காதில் விழும்? கலெக்டர் காதில் விழுந்தது. நடந்து வந்தது அங்கிள், மாப்பிள்ளை மாதிரி, கழுத்தை உப்பிக்கொண்டு. வந்து, தேசண்ணா தோளில் ஏறி, டேங்கை எட்டிப் பார்த்தது. நான் உள்ளுக்குள் உருண்டு சிரிக்கிறேன். இப்போ எல்லாரும் சிரிப்பார்கள், அம்பயர் மாட்டிக்கிட்டாரு என்று தட்சணாவே சிரிப்பார், அப்புறம் நான் டேங்குக்குப் பின்னாலிருந்து குதிப்பேன். அதுதான் என் திட்டம். நல்ல திட்டம்தானே?

யாரும் சிரிக்கவில்லை.

தேசண்ணா திரும்பிப் பார்த்தார். டேங்கு இடுக்கில் என் முகத்தை நேராகப் பார்த்தார். அவருக்குத் தெரியாதா என் குனுகல்? அப்போதுதான் அங்கிள், அந்த மனிதர் பண்ணின தப்பு. ஒரு வார்த்தை. 'டேய் டேப்பு, வெளிய வா' என்று ஒரே ஒரு வார்த்தை. முடிந்திருக்கும். அவர் மறுபடியும் முன்னால் திரும்பிக்கொண்டார். திரும்பி, ஒரு அடி பக்கவாட்டில் நகர்ந்து, டேங்கு இடுக்கை முதுகால் அடைத்த மாதிரி நின்றுகொண்டார். அவர் முதுகைத் தவிர எனக்கு ஒன்றும் தெரியவில்லை. அப்படி ஒரு ஆள். காரியம் தெரியாத ஆள்.

"அம்பயரே, புறா உக்காந்துச்சு" என்றார் தட்சணா.

அவ்வளவுதான் தீர்ப்பு.

அடித்ததைச் சொல்ல வேண்டாம், நீங்கள் வீட்டுக்குப் போய்ச் சாப்பிட வேண்டும். டிஷ் ஆண்டெனா கம்பத்தில் கட்டினார்கள். மணல் அடைத்த பைப்பு. அது ஜப்பான் கையில். வலது கை முதலில், புறாவைப் பிடித்த கை என்று. அப்புறம் முகம். 'இல்லை' என்று சொல்ல வாயைத் திறந்தார், அந்த நேரத்தில் பைப்பு வந்தது. தாடை. நான் பார்க்கத்தான் பார்த்தேன், சத்தம்தான் கேட்டேன். எனக்கு எந்தச் சத்தத்தையும் ஒரு தடவை கேட்டால் போதும், திருப்பிப் பண்ணிவிடுவேன். அதை மட்டும் இன்னும் பண்ணிப் பார்க்கவில்லை.

கலெக்டரை எடுத்துக்கொண்டு போனது யார் என்று இப்போது எல்லாருக்கும் தெரியும். தட்சணாவின் மச்சான். தன் பெட்டையோடு ஜோடி சேர்க்க நைசாகக் கொண்டுபோய் வைத்திருக்கிறான். யாரும் அதைப் பற்றிப் பேசுவதில்லை. புறா சாட்சி தப்பு என்று சொன்னால் முன்னால் அடித்த அடியெல்லாம் என்ன ஆவது? அதனால் புறா சொன்னதுதான் சரி.

மாடியிலிருந்து விழுந்துவிட்டார் என்று சொல்லி இங்கே கொண்டுவந்து சேர்த்தார்கள். தாடையைக் கம்பி வைத்துக் கட்டியிருக்கிறார்கள். பேச முடியாது. வலது கை தோள் வரைக்கும் கட்டு. எழுத முடியாது. சுற்றி நின்ற ஒருத்தரும் வாயைத் திறக்க மாட்டார்கள். தட்சணாவுக்கு ஒரே ஒரு தலைவலி: தேசண்ணாவுக்கு ஒரு அக்கா. செய்யாறு பக்கம், நெல் மில்லில் வேலை. பேர் பச்சையம்மா. வாரா வாரம் போன் பண்ணும். தம்பி எடுக்கவில்லை என்றால் கிளம்பி வந்துவிடும், வந்தால் ஸ்டேஷனுக்குப் போகும்.

தட்சணா என்னைக் கூப்பிட்டார். என்னை. அத்தனை பேர் நடுவில்.

"கண்ணு, உன் நாக்குல சரஸ்வதி குடியிருக்காடா. ஒரு உசுரு பதறக் கூடாது, புண்ணியமாப் போகும். தேசப்பனா நாலு வார்த்தை பேசிடு."

யோசித்துப் பாருங்க. இதுவரைக்கும் நான் பண்ணினதெல்லாம் விளையாட்டு. இது வேலை. ஒரு பெரிய மனிதர் என் திறமையை மதித்து வேலை கொடுக்கிறார். தேசண்ணாவுடைய போனை என் கையில் கொடுத்தார். நான் பண்ணினேன்.

"அக்கா... நான்தான்."

"இன்னாடா தம்பி, இந்நேரத்துல?"

"ஒன்னுமில்லக்கா. மாடியில புறாவுக்குத் தண்ணி வைக்கப் போனேன், பாசி வழுக்கிடுச்சு. கையில லேசா அடி. நம்ம தட்சணா இல்ல, அவருதான் தூக்கினு வந்து சேர்த்தாரு. நீ கிளம்பி வராத, மில்லுல வேலை கெடும். நீ சாப்டியா? மூட்டு வலி தேவலாமா?"

அந்தப் பக்கம் சத்தமே இல்லை. அழுகிறார் என்று நினைத்தேன். என் நடிப்பு அப்படி. சுற்றி நின்றவர்கள் வாயைப் பொத்திக்கொண்டு சிரிக்கிறார்கள். கொஞ்ச நேரம் கழித்து, "பத்திரமா இரு தம்பி, நாளைக்குப் பேசறேன்" என்று வைத்துவிட்டார்.

தினமும் பேசினார். நான் இங்கேயே வந்து பேசினேன். வீட்டிலிருந்து பேசினால் டிவி கேட்கும். இங்கே ஸ்ட்ரெச்சர் சத்தம், சிஸ்டர் சத்தம், பினாயில் பக்கெட் சத்தம். பின்னணி இல்லாமல் நடிப்பு நிற்காது. வார்டுக்குள்ளே மட்டும் போக மாட்டேன். மருந்து வாடை எனக்கு ஆகாது.

அந்த அம்மா கேட்பார், நான் சொல்வேன். "எந்த வார்டு தம்பி?" சொன்னேன். "கூட இருந்து பாத்துக்கறவங்க பேரெல்லாம் சொல்லேன், நல்லவங்க பேர்ல அர்ச்சனை பண்றேன்." ஒருத்தர் விடாமல் சொன்னேன். ஜப்பானுடைய நிஜப் பேரைக் கூடக் கண்டுபிடித்துச் சொன்னேன், அர்ச்சனைக்கு ஜப்பான் என்றால் ஐயர் என்ன நினைப்பார். "வீட்டு மாடியா, வேற மாடியா? எந்தத் தெரு?" அதையும் சொன்னேன். ஒரு நாள் மட்டும் வேறு மாதிரி கேட்டார். "ரொம்ப வலிச்சுதாடா?" என்றார். "தாங்கிக்கினேன்க்கா" என்றேன். போனை வைத்த பிறகு எனக்கே தாடை விண்விண் என்றது. சொத்தைப் பல் ஒன்று இருக்கிறது, அதுதான்.

இன்றைக்குக் காலையில் இதே இடத்தில் நின்றுகொண்டிருந்தேன். ஒரு அம்மா, கையில் ஒயர் கூடை, காலில் தேய்ந்த செருப்பு, வந்து உட்கார்ந்தார். ஆட்டம் காணுகிற பெஞ்சு என்று நான்தான் எச்சரித்தேன், இப்போ உங்களிடம் சொன்ன மாதிரி. அவருக்கும் சிஸ்டர் குரல் பண்ணிக் காட்டினேன். பொருட்காட்சிக்கு நன்றாகச் சிரித்தார். முந்தானையால் பொத்தின வாயோடு "கெட்டிக்காரப் புள்ள" என்றார். அப்புறம் கூடையிலிருந்து போனை எடுத்து என்னவோ அழுத்தினார். என் பாக்கெட்டில் தேசண்ணா போன் அடித்தது. அக்கா. நான் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டு, குரலை இறக்கி,

"சொல்லுக்கா... இப்பத்தான் கஞ்சி குடிச்சேன்."

"திரும்புடா" என்றது போன். முதுகுக்குப் பின்னாலும் அதே குரல் கேட்டது.

திரும்பினேன். காதில் போனை வைத்துக்கொண்டு என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். எனக்கு முதல் தடவையாக எந்தக் குரலும் அகப்படவில்லை அங்கிள். "நான் அடிக்கல, பார்க்கத்தான் பார்த்தேன்" என்று உளறிவிட்டேன். யாரும் அடி என்ற பேச்சையே எடுக்கவில்லை.

அவர் திட்டவில்லை. அதுதான் தாங்க முடியவில்லை. "இத்தினி சின்னப் புள்ளையா நீ" என்றார். அப்புறம் சொன்னார்:

"கொரலு அப்பிடியே அவன்தான். ஒரு கொற சொல்ல முடியாது. ஆனா என் தம்பி போன்ல பேச மாட்டான்பா. நான்தான் பேசணும், அவன் 'ம்' கொட்டுவான். என் மூட்ட பத்தி இத்தினி வருசத்துல ஒரு நாளு கேட்டது கெடையாது. நீ கேட்டப்பவே தெரிஞ்சுபோச்சு இது வேற யாரோன்னு. ஆனா போன வைக்க மனசு வரல. கேக்க நல்லாதான் இருந்துச்சு."

கவனித்தீர்களா? முதல் நாளே தெரியும். தெரிந்தும் தினமும் தம்பி தம்பி என்று பேசி, ஒவ்வொரு பேராக வாங்கி, வார்டு வாங்கி, தெரு வாங்கி, நேராக ஸ்டேஷனில் போய் ஒப்பித்துவிட்டு வந்திருக்கிறார். நான் நடித்தேன் என்றால் அது தொழில். அந்த அம்மா என்னிடம் நடிக்கலாமா? எனக்குத் தெரியாமல் என்னிடமே.

கையைப் பிடித்து உள்ளே கூட்டிக்கொண்டு போனார். அப்போதுதான் தேசண்ணாவைப் பார்த்தேன். அவரை நீங்கள் பார்க்க வேண்டாம்.

மேடம் தெளிவாகச் சொல்லிவிட்டார்: "தம்பி, நீ பார்த்தத சொல்லு. நான் எழுதறேன். ஒவ்வொரு வரிக்கும் அவர் கண்ண மூடித் திறக்கட்டும். மூடினா சரின்னு அர்த்தம். டாக்டரும் பக்கத்துல இருக்கார்." சரி என்று ஆரம்பித்தேன். என் குரலில் வரவே இல்லை. காற்றுதான் வருகிறது. பச்சையம்மாதான், "அவன் கொரல்லயே சொல்லட்டும் மேடம், அவனுக்கு அதுதான் வரும்" என்றார். மேடம் தலையில் கை வைத்துக்கொண்டார். "எந்தக் குரலோ. எனக்கு விஷயம் வந்தா சரி."

தேசண்ணாவாகப் பேசினேன். தேசண்ணாவுக்கு முன்னால். "தட்சணா கூப்பிட்டாரு... நான் போனேன்." கண் மூடித் திறந்தது. "டேங்கு மூலையில... நிக்க வச்சாங்க." மூடித் திறந்தது. கட்டினது, பைப்பு, ஜப்பான், எல்லாம். ஒவ்வொன்றுக்கும் மூடித் திறந்தது. நன்றாகத்தான் போய்க்கொண்டிருந்தது அங்கிள். ஒரே ஒரு வரி. "புறா... தானா வந்து... என் தோள்ல உக்காந்துச்சு."

கண் மூடவில்லை.

தூக்க மருந்து கொடுத்திருப்பார்கள் என்று மறுபடியும் சொன்னேன். திறந்த கண் திறந்தபடியே, என்னைப் பார்த்துக்கொண்டு இருக்கிறது. கோபமெல்லாம் இல்லை. வானத்தைப் பார்ப்பாரே, அப்படி. மேடம் பேனாவை நிறுத்திவிட்டார். "ஏதோ விட்டுட்டப்பா. புறா ஏன் இவர்கிட்ட வந்துச்சு? அந்த எடத்துல ஓட்டை இருந்தா, வக்கீல் அதுல லாரி ஓட்டிடுவான். திருடனத்தான் அடிச்சோம்பாங்க." பச்சையம்மா என் கையை விட்டுவிட்டார். அவ்வளவு நேரம் பிடித்துக்கொண்டிருந்ததே அப்போதுதான் தெரிந்தது.

தண்ணி குடித்துவிட்டு வருகிறேன் என்று வந்தேன்.

வெளியே வந்தால் ஜப்பான். டீ கிளாஸோடு பக்கத்தில் வந்து, "அண்ணன் சொல்லச் சொன்னாரு. உன் நாக்கு நல்ல நாக்காம். பத்திரமா வச்சுக்கவாம்" என்றான். பாருங்க, இப்போதும் பார்க்கிறான். பின்படி வழியாகப் போனால் பஸ் ஸ்டாண்டு. சித்தி வீடு அரக்கோணத்தில். போகலாம். போனால் மேடம் எழுதினதில் அந்த ஓட்டை அப்படியே இருக்கும். தேசண்ணா திருடன்தான் என்று ஆகிவிடும். எனக்கென்ன? மேடம் கேட்டது யார் அடித்தார்கள் என்று. நான் அடித்தேனா? கட்டினேனா? குனுகினேன். குனுகினதுக்கு எந்தச் சட்டத்தில் கேஸ் இருக்கிறது? நீங்களே சொல்லுங்க.

என்ன அங்கிள், நீங்கள் ஃப்ளாஸ்க்கையே பார்க்கிறீர்களே.

சரி. ஒத்திகை பார்க்கிறேன். உங்களிடம் மட்டும். நான் சொல்லவில்லை, அவர் சொல்கிறார். எனக்கு அதில் சம்பந்தம் இல்லை. கேளுங்க:

"மேடம்... எனக்குப் பின்னால... டேங்கு இருந்துச்சு. டேங்குக்குப் பின்னால... எங்க ஏரியாப் பையன் ஒருத்தன். பெட்டப் புறா மாதிரி... அவன்தான் குனுகினான். கலெக்டர்... அவனத் தேடித்தான் வந்துச்சு. என்னை இல்ல. நான் திரும்பிப் பாத்தேன். சிரிச்சுக்கினு இருந்தான். கையில பைப்போட... அத்தன பேரு நிக்கறாங்க. நான் வாயத் தெறந்தா... அந்தக் கம்பத்துல அவனத்தான் கட்டுவாங்க. சின்னப் பையன்... ஒரு அடி தாங்க மாட்டான். அதனால..."

இருங்க.

இல்லை அங்கிள். அந்தக் கடைசியில் வந்தது நான் யோசித்தது இல்லை. சத்தியமாக நான் அதை நினைக்கவே இல்லை. அந்தக் குரலில் பேசினால் அதுவே வருகிறது. அவர் அப்படி நினைத்திருக்க மாட்டார். காரியம் தெரியாத ஆள், வாயைத் திறக்கத் தோன்றவில்லை, அவ்வளவுதான். அதுதானே? ஒரு ஆள் எதற்கு...

கதவு திறக்கிறது. சிஸ்டர் எட்டிப் பார்க்கிறார். இது நிஜமான சிஸ்டர். என்னைத்தான் கூப்பிடுகிறார். ஜப்பான் கிளாஸைக் கீழே வைத்துவிட்டான்.

நான் போகிறேன். இதை அப்படியே போய்ச் சொல்கிறேன், கடைசியில் வந்ததையும் சேர்த்து. முன்னால் சொன்னதுக்கெல்லாம் அவர் கண்ணை மூடட்டும், பரவாயில்லை. அந்தக் கடைசி வரிக்கு மட்டும் மூடக் கூடாது என்று வேண்டிக்கொள்ளுங்க அங்கிள்.